வாங்கிய விலை வேறு, ஆகும் செலவு வேறு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். விற்கிற சரக்கை அளப்பதில் நம் வணிகப் பெருமக்களை யாரும் குறை சொல்ல முடியாது. துவரம் பருப்பு மூட்டைக்கு என்ன விலை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்ன, கழிவு எவ்வளவு போகும், கிலோவுக்கு என்ன நிற்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். ஆனால் அதே கடையில் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி, எதிரே இருக்கிற தராசு, மூலையில் நிற்கிற ஐஸ் பெட்டி, வாசலில் நிற்கிற வண்டி ஆகியவை ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு செலவு வைக்கின்றன என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? "அது வாங்கி நாலு வருஷம் ஆச்சுங்க" என்பதோடு முடித்துக்கொள்வோம்.

நாங்கள் உத்திரமேரூர் வட்டம் மானாம்பதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். சுற்றுவட்டாரக் கிராமங்களின் சில்லறைக் கடைகள் எங்களிடம் சரக்கு எடுக்கின்றன. இத்தனை ஆண்டு அனுபவத்தில் எந்தக் கடை சரக்கில் நஷ்டப்பட்டு மூடியது என்று எண்ணிப் பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். சரக்குக்கு வெளியே நஷ்டப்பட்டு மூடிய கடைகள்தாம் அதிகம். அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். அதில் எங்கள் தவறும் உண்டு என்பதால் சொல்கிறோம்.

ஐஸ் பெட்டி தின்ற கடை

எங்களிடம் சரக்கு எடுத்த ஒரு தம்பி, சுறுசுறுப்பானவர், நாணயமானவர். பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சிறு மளிகைக் கடை. ஒரு கோடை தொடங்கும்போது 25,500 ரூபாய் விலையில் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று வாங்கினார். கையில் பணம் இல்லை. தண்டலுக்கு 30,000 ரூபாய் எழுதிக் கொடுத்தார். 4,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 25,500 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். நாளுக்கு 300 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

பெட்டி வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். வியாபாரம் நன்றாக நடப்பதுபோல்தான் தெரிந்தது. ஆனால் தினமும் மாலையில் 300 ரூபாய் கல்லாவிலிருந்து போயிற்று. எங்களுக்கு வர வேண்டிய பாக்கி ஒரு வாரம் தள்ளிப்போயிற்று, பிறகு மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. "ஐயா, தண்டல் முடிஞ்சதும் மொத்தமா கொடுத்திடறேன்" என்றார். நாங்கள் பாக்கியை மட்டுமே பார்த்தோம். சரக்கைக் குறைத்தோம், பிறகு நிறுத்தினோம். சரக்கு குறைந்த கடைக்கு வாடிக்கை எப்படி வரும்? மறுவருடப் பொங்கலுக்குள் கடையை மூடிவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்துவிட்டார்.

பல மாதம் கழித்து எங்கள் பாக்கியைத் தீர்க்க வந்தவரை உட்காரவைத்து, இருவருமாக அந்தப் பெட்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கடை நடக்கும்போதே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

பெட்டியின் உண்மையான விலை 25,500 அல்ல, தண்டலோடு 30,000. ஆறு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய். மின்சாரம் நாளுக்கு 4 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் நாளுக்கு 40, ஆண்டுக்கு 14,600. பழுதுக்கு ஆண்டுக்கு 1,200. ஆக மொத்தம் ஆண்டுக்கு 20,800 ரூபாய். கோடையில் 120 நாள், நாளுக்கு 40 ஐஸ் வீதம் 4,800. மீதி 245 நாள், நாளுக்கு 8 வீதம் 1,960. ஆக 6,760 ஐஸ். இருபதாயிரத்து எண்ணூறை இதனால் வகுத்தால், ஒரு ஐஸை விற்க அந்தப் பெட்டிக்கு மட்டும் ஆகும் செலவு 3 ரூபாய் 8 காசு. அவருக்குச் சராசரியாக ஓர் ஐஸில் கிடைத்த லாபம் 3 ரூபாய்!

நாள் முழுவதும் பெட்டியைத் திறந்து திறந்து மூடி, ஆண்டு முடிவில் 520 ரூபாய் கையை விட்டுப் போட்டிருக்கிறார். வியாபாரம் நடக்கிற சத்தத்தில் அது காதில் விழவே இல்லை.

இதைவிட வருத்தம் தந்தது அடுத்த கணக்கு. கோடை முடிந்ததும் பெட்டியைத் துடைத்து நிறுத்தி வைத்திருந்தால் மின்சாரம் 4,800 தான். மொத்தச் செலவு 11,000. ஐஸ் 4,800. ஒன்றுக்கு 2 ரூபாய் 29 காசு. ஆண்டுக்கு 3,400 ரூபாய் மிச்சம். தண்டல் வாங்காமல் ஓர் ஆண்டு பொறுத்துச் சேர்த்து வாங்கியிருந்தால் இன்னும் 750 மிச்சம். அதே பெட்டி, அதே ஊர், அதே பிள்ளைகள். மாறியிருக்க வேண்டியது ஒரு சுவிட்சும் ஒரு கணக்கும்தான்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது அப்பவே தெரிஞ்சிருந்தா ஐயா..." என்று மட்டும் சொன்னார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பாக்கிக் கணக்கை வாரந்தோறும் காட்டிய நாங்கள் இந்தக் கணக்கை ஒரு நாளும் காட்டவில்லையே.

தடவைச் செலவு என்றால் என்ன?

இந்தக் கணக்குக்குத் தடவைச் செலவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு பொருளுக்காக ஆன மொத்தச் செலவை, அது எத்தனை தடவை பயன்பட்டதோ அந்த எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவுதான். மொத்தச் செலவில் வாங்கிய விலை, வட்டி, மின்சாரம், பழுது, முத்திரை, இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். பொருளைக் கடைசியில் விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். தடவை என்பது பொருளுக்குப் பொருள் மாறும். தராசுக்கு ஒரு நிறுவை, வண்டிக்கு ஒரு நடை, கவர் ஒட்டும் மெஷினுக்கு ஒரு பொட்டலம், விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு நாள்.

ஆடிட்டர் போடுகிற தேய்மானம் இதுதானே என்று சிலர் கேட்கலாம். இது வேறு. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், இயந்திரங்களுக்குப் பொதுவாக 15 சதவீதம், அலமாரி மேசை நாற்காலிக்கு 10 சதவீதம் என்று ஆண்டுதோறும் கழிப்பார்கள். பொருள் ஆயிரம் தடவை உழைத்ததா, மூலையில் தூங்கியதா என்று அந்தக் கணக்கு கேட்காது. அது அரசாங்கத்துக்குக் காட்டுகிற கணக்கு. தடவைச் செலவு நமக்கு நாமே காட்டிக்கொள்கிற கணக்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, முறையான பதிவில் இருப்பவர்கள் கடைக்கு வாங்கும் இயந்திரத்தின் வரியை விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வரி நீங்கலான தொகைதான் விலை. இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்பவுண்டிங்கில், இருப்பவர்களும் பதிவே இல்லாத சிறு கடைக்காரர்களும் அப்படி எடுக்க முடியாது. அவர்கள் பில்லில் உள்ள முழுத் தொகையையும் விலையாக வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கடைக்காரருக்குக் கட்டுப்படியான பொருள் நமக்கும் கட்டுப்படியாகும் என்று நினைப்பது தவறு.

பேத்தி காட்டிய செயலி

அந்தத் தம்பி வந்துபோன பிறகு, எங்கள் கடையில் உள்ள எல்லாப் பொருள்களுக்கும் இப்படிக் கணக்குப் போட ஒரு நோட்டு வாங்கினோம். ஒரு வாரத்தில் நோட்டு குழம்பிவிட்டது. கல்லூரியில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்தவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க வகுத்து வகுத்து எழுதறதை இது தானாவே செய்யும்" என்று கைப்பேசியில் ஓர் இணையச் செயலியைத் திறந்து காட்டினாள்.

இணையச் செயலி என்றால் தனியாகக் கடையில் வாங்கிப் பொருத்த வேண்டியது அல்ல. செய்தி பார்க்கவும் ரயில் நேரம் பார்க்கவும் திறக்கிறோமே, அதே உலாவியில் திறக்கலாம். கைப்பேசியிலும் திறக்கும், கடைக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். பொருளின் பெயர், வாங்கிய விலை, வாங்கிய தேதி மூன்றையும் பதிய வேண்டும். பிறகு பயன்படுத்தும் போதெல்லாம் ஒரு தட்டு, அல்லது மாலையில் மொத்த எண்ணிக்கை. விலையை எண்ணிக்கையால் வகுத்து, இன்றைய தேதியில் ஒரு தடவைக்கு என்ன செலவு என்று காட்டும். இந்த மாதிரிச் செயலிகள் சிலவற்றை எழுதியவர்கள் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

எங்கள் கவர் ஒட்டும் மெஷினைப் பதிந்து பார்த்தோம். காலால் மிதிக்கிற மெஷின், விலை 6,500. நாளுக்கு 100 பொட்டலம். முதல் நாள் ஒரு பொட்டலத்துக்கு 65 ரூபாய் என்று காட்டும். மாதம் 26 நாள் வேலை செய்தால் மாத முடிவில் இரண்டரை ரூபாய். ஆண்டு முடிவில் 21 காசு. எண் இறங்க இறங்க மனதுக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் எங்களுக்கு ஒரு குறை தெரிந்தது. வாங்கிய விலையை மட்டும்தான் அது கேட்டது. மின்சாரம், பழுது, வட்டி எங்கே? ஐஸ் பெட்டியை இப்படிப் பதிந்திருந்தால் ஆறு ஆண்டில் 40,560 ஐஸுக்கு 25,500 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 63 காசு என்று காட்டி நம்மை ஏமாற்றியிருக்கும். பேத்தியிடம் இதைச் சொன்னோம். "இது கட்டற்ற மென்பொருள் தாத்தா. மாத்திக்கலாம்" என்றாள். கம்ப்யூட்டர் படிக்கிற தோழி ஒருத்தியிடம் சொல்லி, நடப்புச் செலவு என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து வாங்கினாள். இரண்டு நாளில் வேலை முடிந்தது. விலைக்கு வாங்கிய மென்பொருளில் இது நடக்காது.

கைப்பக்குவத்தையும் சேர்த்துக் கொடுப்பவர்கள்

கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று மளிகைக்காரர் பாஷையில் சொல்கிறோம். மசாலாப் பொடிப் பொட்டலம் விற்கிறோம். உள்ளே என்ன விகிதம் என்பது தயாரித்தவருக்குத்தான் தெரியும். காரம் கூடினால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஒருவர் பொட்டலத்தோடு மல்லி இத்தனை, மிளகாய் இத்தனை, வறுக்கும் பதம் இது என்று கைப்பக்குவத்தையும் எழுதிக் கொடுத்து, "வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், பிறருக்கும் கொடுங்கள்" என்றும் சொன்னால் எப்படி இருக்கும்? கட்டற்ற மென்பொருள் அப்படிப்பட்டது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் பகிரலாம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். இன்று உலகின் பெரிய கம்ப்யூட்டர்களும் நம் சட்டைப் பையில் உள்ள பெரும்பாலான கைப்பேசிகளும் இப்படிப்பட்ட லினக்ஸ் என்ற அடிப்படையில்தான் ஓடுகின்றன.

நம் நாட்டிலும் குறைவில்லை. மும்பையில் உருவான ஜி.என்.யூ. காத்தா, ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் ஆகிய கணக்கு மென்பொருள்கள் கட்டற்றவை. தமிழில் இந்த விஷயங்களை எழுதிவரும் கணியம் மின்னிதழ் 2012-ல் தொடங்கியது. நம் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு. செயலியெல்லாம் வேண்டாம், கட்டம் போட்ட தாள் போதும் என்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற தொகுப்பில் கால்க் என்ற கணக்குத்தாள் இருக்கிறது. ஒரு கட்டத்தில் விலை, ஒரு கட்டத்தில் எண்ணிக்கை, மூன்றாவதில் வகுத்தல் என்று எழுதிவிட்டால் அதுவே தடவைச் செலவைக் காட்டிவிடும்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பில் போட ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கினோம். ஆண்டுதோறும் சந்தா. ஓர் ஆண்டு விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை, அலுவலகமும் இல்லை. புதுப்பிக்காத மென்பொருள் திறக்கவில்லை. மூன்று ஆண்டு வாடிக்கையாளர் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. நல்லவேளை, பழைய வழக்கத்தை விடாமல் பேரேட்டிலும் எழுதி வந்தோம். நம் கணக்கின் சாவி அடுத்தவர் இடுப்பில் இருக்கக் கூடாது என்பதை அன்று படித்தோம்.

கணக்கு திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பகுதிக்குப் புதியதும் அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக உலகமே அறிந்த கல்வெட்டுகள் அவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக் கூடாது என்ற விதியும் அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே கணக்கைச் சுவரளவுக்குப் பெரிய விஷயமாக எண்ணிய மண் இது.

எங்கள் கடையில் கண்ட நான்கு கணக்குகள்

முதலாவது, கவர் ஒட்டும் மெஷின். இப்போதுள்ள 6,500 ரூபாய் மெஷினுக்கு முன்னால் 1,200 ரூபாய்க்குக் கையால் அழுத்தும் மெஷின் வைத்திருந்தோம். பழுதுக்கு 360 ரூபாய் செலவழித்தும் நான்கு மாதத்தில் போய்விட்டது. 10,400 பொட்டலம் ஒட்டியிருந்தது. பொட்டலத்துக்கு 15 காசு. பெரிய மெஷினுக்கு ஆறு ஆண்டில் பழுது 1,300. மொத்தம் 7,800 ரூபாய், பொட்டலம் 1,87,200. ஒன்றுக்கு 4 காசுக்குச் சற்று மேல். ஐந்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கியது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் வேலை செய்கிறது.

இரண்டாவது, எலக்ட்ரானிக் தராசு. விலை 5,000. ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை, பேட்டரி, பழுது எல்லாம் சேர்த்து 5 ஆண்டில் இன்னொரு 4,000. நாளுக்கு 150 நிறுவை, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 5 ஆண்டில் 2,25,000 நிறுவை. ஒரு நிறுவைக்கு 4 காசு. இப்போது பாருங்கள். கிலோ 160 ரூபாய் பருப்பில் 10 கிராம் கூடப் போய்விட்டால் 1 ரூபாய் 60 காசு நஷ்டம். தராசின் செலவைப் போல 40 மடங்கு! குறைவாக நிறுத்தால் பணத்தோடு பெயரும் போகும். ஆகவே தராசில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

மூன்றாவது, மின்விசிறி. பழைய 75 வாட் விசிறி 14 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1 யூனிட்டுக்குச் சற்று மேல், 10 ரூபாய் 50 காசு. இப்போது வரும் 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 3 ரூபாய் 92 காசு. நாளுக்கு 6 ரூபாய் 58 காசு மிச்சம். விலை 1,500 ரூபாய் கூடுதல் என்றாலும் 228 கடை நாளில் அது திரும்பிவிடுகிறது. அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் கிடங்கு விசிறியை மாற்றினால் போட்ட பணம் திரும்ப 3,000 நாளுக்கு மேல் ஆகும். பொருள் ஒன்றுதான், பயன்பாடு வேறு. மின் கட்டணம் அவரவர் இணைப்பைப் பொறுத்து மாறும் என்பதால் உங்கள் மின் கட்டண ரசீதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் வாங்குபவர்கள் நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். 2006-ல் தொடங்கிய அந்தச் சீட்டில் நட்சத்திரத்துக்கு அருகே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சிட்டிருக்கும். பலர் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள், யூனிட்டைப் படிப்பதில்லை.

நான்காவது, சரக்கு வண்டி. இதில்தான் எங்களுக்கே தலையில் குட்டு விழுந்தது. பழைய வண்டி ஒன்றை 2,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். 5 ஆண்டு கழித்து 90,000-க்கு விற்கலாம் என்றால் ஆண்டுக்கு 30,000 தேய்கிறது. இன்சூரன்ஸ், எப்.சி., வரி 32,000. டயரும் பழுதும் 28,000. மொத்தம் 90,000. காஞ்சிபுரத்துக்கு வாரம் இரண்டு நடை, ஆண்டுக்கு 100 நடை. நடைக்கு 900 ரூபாய். டீசலும் டிரைவர் கூலியும் 1,150. ஆக 2,050 ரூபாய். வாடகை வண்டி 1,800-க்கு வந்துகொண்டிருந்தது! சொந்த வண்டி என்ற பெருமைக்கு நடைக்கு 250 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்தோம். பிறகு கடைத்தெருவில் உள்ள இன்னொரு வியாபாரியோடு பேசி, அவருடைய சரக்குக்கும் அதே வண்டியை ஓட்ட ஏற்பாடு செய்தோம். நடை 200 ஆயிற்று. டயர், பழுதுச் செலவு இரட்டித்து 56,000 ஆனாலும் மொத்தம் 1,18,000. நடைக்கு 590. டீசல், டிரைவரோடு 1,740. வாடகையைவிட 60 ரூபாய் குறைவு. தனியாக நஷ்டமானது, இருவர் சேர்ந்ததும் கட்டுப்படியானது. சங்கமாக இருக்கிற நாம் வண்டி, பெரிய தராசு, மாவு மில் போன்றவற்றைச் சேர்ந்து பயன்படுத்த இந்தக் கணக்கு வழி காட்டும்.

கணக்கு சொல்லாதவை

தடவைச் செலவே எல்லாம் என்று எண்ணிவிடவும் கூடாது. தீயணைப்புக் கருவியை ஒரு தடவையும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. அதைத் தடவையால் வகுக்க முடியாது, நாளால் வகுக்க வேண்டும். விலையும் மறுநிரப்புக் கூலியும் சேர்த்து 5 ஆண்டில் 3,650 ரூபாய் என்றால் நாளுக்கு 2 ரூபாய். கடை முழுவதற்கும் 2 ரூபாய்க் காவல் என்றால் அது அதிகமா? கடை இன்சூரன்ஸும் இப்படித்தான்.

எண்ணைக் குறைப்பதற்காக வீணாகப் பயன்படுத்துவதும் தவறு. ஐஸ் பெட்டி சும்மா இருக்கிறதே என்று விற்காத பொருளை வாங்கி நிரப்பினால் நஷ்டம் இரண்டு பக்கமும் வரும். வாங்குவதற்கு முன் மனதில் போடும் எண்ணிக்கையையும் நம்பக் கூடாது. நாளுக்கு 40 விற்கும் என்று ஆசை சொல்லும். அதில் பாதியை வைத்துக் கணக்குப் போட்டு, அப்போதும் கட்டுப்படியானால் வாங்கலாம்.

பையின் கணக்கு இன்னும் விசித்திரமானது. 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை 2022-ல் வைத்தார்கள். அந்தப் பையை 50 தடவை கொண்டுவந்தால் தடவைக்கு 20 காசுதான். ஆனால் பிரிட்டன் சுற்றுச்சூழல் துறை 2011-ல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாவதை வைத்துப் பார்த்தால் பருத்திப் பை ஒன்றை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறது. துணிப்பையை வாங்கி வீட்டில் குவிப்பதால் பயனில்லை, திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் நாம் சொல்லலாம்.

எப்படித் தொடங்குவது?

இன்றே பத்துப் பொருள்களையும் எழுத வேண்டாம். உங்கள் கடையில் விலை அதிகமான மூன்று பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலை, தேதி, கடன் என்றால் மொத்தம் கட்டியது, மாத மின்சாரம், இதுவரை ஆன பழுது, ஒரு நாளில் எத்தனை தடவை ஆகிய ஆறு விவரங்களை எழுதுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒரு வாரம் கோடு போட்டு எண்ணுங்கள். நோட்டில் செய்தாலும் சரி, கணக்குத்தாளில் செய்தாலும் சரி, செயலியில் செய்தாலும் சரி. வகுத்தல் ஒன்றுதான்.

செயலியில் செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். அது உண்மையில் கட்டற்றதா, அல்லது முதல் மாதம் மட்டும் இலவசமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது, நம் கைப்பேசியிலா அடுத்தவர் கம்ப்யூட்டரிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் கணக்கும் விழுந்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். கடைக் கணக்கை அவர்களும் படித்ததாக இருக்கும்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சில்லறைக் கடைக்காரர் பாக்கி தள்ளிப்போனால் உடனே சரக்கை நிறுத்துவதற்கு முன், "புதுசா ஏதாவது வாங்கினீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இப்போது நாங்கள் கேட்கிறோம். போன மாதம் ஒருவர் கவர் ஒட்டும் மெஷின் வாங்கத் தண்டல் எடுக்கப்போவதாகச் சொன்னார். உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். அவர் கடையில் நாளுக்கு 15 பொட்டலம்தான். "மெழுகுவர்த்தியே போதும் போலிருக்கே ஐயா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

ஒரகடத்துக்குப் போன தம்பியிடம் அப்படி ஒரு நாள் கேட்டிருந்தால், பள்ளிக்கூடத்துக்கு எதிரே அந்தக் கடை இன்றும் திறந்திருக்கும். அவர் இப்போது மறுபடி கடை வைக்கப் பணம் சேர்க்கிறார். ஐஸ் பெட்டியை விற்கவில்லை, துடைத்து வைத்திருக்கிறார். கோடையில் மட்டும் ஓட்டுவாராம். கணக்குப் போட்ட தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறார். அவர் கடை திறக்கும் நாளில் முதல் மூட்டை எங்கள் கடையிலிருந்து போகும்.